சுருதி வேறு, சத்தம் வேறு

மாவு மில்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சங்கு என்றால்தான் தெரியும். எந்திரத்தோடு மல்லுக்கட்டிப் பேசிப் பேசி, அவர் வீட்டுக்குள் ‘உப்பு வேணுமா?’ என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர் ‘வேண்டாம்’ என்று பதில் சொல்லும் அளவுக்குத் தொண்டை முற்றிப்போயிருந்தது.

அந்தத் தொண்டைக்கு இப்போது ஒரு சோதனை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் கைக்குழந்தை. மனைவி துணிக்கடை வேலைக்குத் திரும்ப வேண்டும். “மதியம் மில்லைச் சாத்திட்டு வந்து நான் தூங்க வைக்கிறேன்” என்று மார்தட்டியிருந்தார் சங்கு. ஆனால் அவர் தாலாட்டைத் தொடங்கினாலே குழந்தை வீறிட்டது. அடுத்த திங்கட்கிழமைக்குள் அது அவரிடம் தூங்கப் பழகாவிட்டால், மனைவி வேலையை விட வேண்டியதுதான்.

அந்தக் கெடுவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மச்சினி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர்.

“மெட்டு தப்பில்ல மாமா. தாளமும் ஓடாம நிதானமா இருக்கு. கொஞ்சம் குறைச்சுப் பாடுங்க, போதும்.”

சங்கு குறைத்தார். மெட்டை அடிவயிற்றுக்கு இறக்கி, கரடி உறுமுவதுபோல் கட்டைக் குரலில் பாடினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை மூச்சடைக்க அழுதது.

“பிள்ளையைப் பயமுறுத்திக் கொல்லப் பாக்குறீங்களா?” மனைவி ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

“குறைக்கச் சொன்னா, குறைச்சேன். இதுக்குக் கீழ போகத் தொண்டையில இடமில்ல!”

மச்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரேடியோவைப் போட்டாள். ஒரு பெண் பாடினாள். குமிழைத் திருக, பாட்டு மெலிந்தது.

“சத்தம் குறைஞ்சிடுச்சு. அந்தம்மாவுக்கு ஆம்பளக் குரல் வந்துடுச்சா?”

“இல்லையே.”

“சுருதி குரல் நிக்கிற உயரம், மாமா. சத்தம், அது எவ்வளவு தூரம் போகுதுங்கிறது. நீங்க உயரத்தை இறக்கினீங்க. தூரம் இன்னும் தெருக்கோடி வரைக்கும் போகுது.”

“மில்லுல ரெண்டும் ஒண்ணாத்தானே ஏறும்!” என்று கத்தினார் சங்கு.

“அதைத்தான் பிரிச்சுப் பழகணும். காதுகிட்ட இருக்கிறவளுக்கு மட்டும் பாடுங்க.”

அந்த வாரம் முழுக்க எந்திரத்தை நிறுத்திய கையோடு பழகினார். சத்தத்தைக் குறைத்தால் சுருதி கூடவே சரிந்தது. சுருதியைப் பிடித்தால் சத்தம் எகிறியது. சில சமயம் வெறும் காற்றுதான் வந்தது.

“தொண்டை கட்டிக்கிச்சாய்யா?” என்று கேட்டார் மாவு வாங்க வந்தவர்.

“பாடுறேன்யா!”

சனிக்கிழமை மதியம் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். மெட்டை அதன் உயரத்திலேயே பிடித்து, மூச்சை மட்டும் நூலாக்கி விட்டார். குழந்தை தலையைத் தூக்கி, யாரிந்தப் புது ஆள் என்பதுபோல் அவர் வாயைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. சங்கு குரலைத் தாழ்த்தவுமில்லை, உயர்த்தவுமில்லை. பிதுங்கிய உதடு மெல்ல உள்ளே போனது. தலை தோளில் விழுந்தது.

“ஏங்க, பாடலையா? சத்தத்தையே காணோம்!” அடுப்படியிலிருந்து மனைவி.

பதில் சொன்னால் பழைய குரல்தான் வரும். சங்கு பாடிக்கொண்டே இருந்தார். எட்டிப் பார்த்த மனைவி ஒரு நிமிடம் வாசற்படியிலேயே நின்றாள். பிறகு உள்ளே போய், கடைச் சீருடையை எடுத்து இஸ்திரி போட விரித்தாள்.