கருப்பு வெள்ளையில் சொர்ணம்

வைஷ்ணவி என்ன படிக்கிறாள் என்பது வல்லத்திராக்கோட்டையில் யாருக்கும் பிடிபட்டதில்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் மக்கள் தொடர்பு, கடைசி வருடம் என்று சொன்னால், "கலெக்டர் வந்து மனு வாங்குவாரே, மக்கள் தொடர்பு முகாம், அதா?" என்று கேட்டுவிட்டுப் பட்டா மாறுதல் மனுவைக் கையில் திணித்தவர்கள் உண்டு. அதனால் புதுக்கோட்டையில் ஒரு தனியார் இதய மருத்துவமனையில் பி.ஆர். பிரிவுக்குப் பயிற்சிக்குப் போனபோது, ஊர்க்காரர்கள் கண்ணில் படும்படி ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வீம்பு. ஒழுங்காகச் செய்தால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை என்று மேலாளர் ரகுநாத் வேறு சொல்லியிருந்தார்.

முதல் வேலையே ஃபிளெக்ஸ். குணமான நோயாளி ஒருவரின் படத்தைப் பேருந்து நிலையத்தில் பெரிதாக வைக்க வேண்டும். வைஷ்ணவி அடுத்த தெருவில் இருக்கும் தன் சித்தி சொர்ணத்தைப் பிடித்தாள். சொர்ணத்துக்கு அந்த மருத்துவமனையில்தான் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பிள்ளை இல்லை, கணவர் முத்துராஜ் குவைத்தில். "எம் மூஞ்சியவா? வேற ஆளு கெடைக்கலையா ஒனக்கு?" என்றவள், அக்கா மகள் கேட்டுவிட்டாளே என்று பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போய்ப் படத்துக்கு உட்கார்ந்தாள்.

காதுகுத்து ஃபிளெக்ஸில் நாற்பது தலைகளை அடுக்கும் ஊர் ரசனை வைஷ்ணவிக்கு ஆகவே ஆகாது. தன்னுடையது வேறு மாதிரி இருக்க வேண்டும். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கினாள். சுற்றிலும் வெறுமையாக விட்டாள். மருத்துவமனையின் பெயரை மூலையில் சின்னதாக வைத்தாள். வகுப்பில் பார்த்த ஆங்கில விளம்பரம் ஒன்றின் வாசகத்தைத் தமிழாக்கிக் கீழே போட்டாள்: "சொர்ணம், வல்லத்திராக்கோட்டை. என்றும் எங்கள் இதயத்தில்."

ரகுநாத் ஏதோ கூட்டத்தில் இருந்தபடி போனிலேயே பார்த்து ஓகே போட்டார். அச்சகம் வைத்திருக்கும் கோபிநாத், வந்த ஃபைலை அடித்து விடியற்காலையில் கட்டிவிட்டுப் போனான்.

நம் பக்கத்தில் ஒருவர் எப்போது கருப்பு வெள்ளை ஆகிறார், எப்போது அடுத்தவர் இதயத்தில் குடியேறுகிறார் என்பது பூக்கட்டி விற்பவருக்கும் தெரியும். வைஷ்ணவிக்கும் தெரியும். கெட்டிக்காரத்தனம் தலைக்கேறியிருந்த நேரம், தெரிந்தது மறந்துபோனது.

அன்று காலை சித்தி வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சித்தியை அழைத்துப் போய் ஃபிளெக்ஸைக் காட்டுவதாகத் திட்டம். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆவுடையார்கோவிலில் இருந்து மாமா வீரய்யா, சொர்ணத்தின் அண்ணன், ஒரு கையில் ரோஜா மாலையும் மறு கையில் கோடிச் சேலையுமாக இறங்கினார். பின்னால் இறங்கிய பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, "எங்கள விட்டுப் போயிட்டியே" என்று ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டுக் கரண்டியோடு வெளியே வந்தாள் சொர்ணம்.

வீரய்யா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். செத்துப்போன தங்கைக்குப் பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்த சேலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"தீவாளிக்குக்கூட எடுத்துத் தர மாட்ட. இதுக்கு மட்டும் ஓடியாந்துட்டியாண்ணே?" என்றாள் சொர்ணம்.

ஃபிளெக்ஸை யாரோ போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே வரிசையாக இரங்கல். அது குவைத்துக்கும் போயிருந்தது. சார்ஜில் கிடந்த போனை எடுத்தபோது முத்துராஜ் பேசவில்லை, அழுதார். "என்னங்க, நாந்தாங்க பேசுறேன். நாந்தாங்க" என்று சொர்ணம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வைஷ்ணவி கையில் பிய்த்த இட்லியோடு அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

அலுவலகத்துக்குப் போனால் ரகுநாத் பதறவே இல்லை. "இதுதாம்மா பி.ஆர். வருத்தம் தெரிவிக்கணும், ஆனா தப்பு நம்மது இல்ல. அச்சகத்தோட கவனக்குறைவுன்னு எழுதிருங்க." வைஷ்ணவிக்கு வேலை போய்விடும் என்ற பயம் வந்தது. எழுதினாள். நன்றாகவும் எழுதினாள். மத்தியானத்துக்குள் அது எல்லாக் குழுக்களிலும் வந்துவிட்டது.

சாயங்காலம் சித்தியைப் பார்க்கப் போய் உட்கார்ந்திருந்தபோது கோபிநாத் வந்தான். ஆப்பிள் பை ஒரு கையில், கழற்றிச் சுருட்டிய ஃபிளெக்ஸ் கக்கத்தில். வைஷ்ணவியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான். அவனுக்கு அந்த மருத்துவமனைதான் பெரிய ஆர்டர்.

"மன்னிச்சுருங்கக்கா. எங்க கடையில ஆன தப்பு."

"ஏந்தம்பி, உசுரோட இருக்கவளுக்கு இப்பிடியா எழுதுவாக?"

"கவனிக்காமப் போயிட்டேங்க."

செய்யாத தப்புக்கு ஒருவன் தன் கண்முன்னே தலை குனிந்து நிற்பதைப் பார்க்க வைஷ்ணவிக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. "அவரு இல்ல சித்தி" என்றாள். "படமும் நாந்தான், எழுத்தும் நாந்தான். அவரு மேல பழியப் போட்டு எழுதுனதும் நாந்தான்."

சொர்ணம் கோபிநாத் கையிலிருந்த ஆப்பிள் பையை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு, "ஆபீஸ்ல சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப என்ட்ட எதுக்குச் சொல்ற? நாந்தான் சாகலையே. பேரு போனது இந்தத் தம்பிக்குத்தான."

வைஷ்ணவி அங்கேயே உட்கார்ந்து, தப்பு தன்னுடையது, அச்சகத்துக்கு இதில் சம்பந்தமில்லை என்று தன் பெயரைப் போட்டு ஊர்க் குழுவிலும் அலுவலகக் குழுவிலும் அனுப்பினாள். சித்தி கொடுத்திருந்த காப்பி ஆறுவதற்குள் ரகுநாத் போனில் கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார். அதிகம் பேசவில்லை. அவள் தொடங்கவிருந்த உத்தியோகம் அவ்வளவோடு முடிந்தது.

கோபிநாத் ஃபிளெக்ஸைக் கீழே வைத்து, "இத என்னங்கக்கா செய்ய? கிழிச்சுப் போட்டுரவா?" என்றான்.

சொர்ணம் அதைத் தரையில் விரிக்கச் சொன்னாள். தன் முகத்தையே தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கிழிக்காதீங்க. கழுத்துச் சங்கிலியெல்லாம் தெரியிற மாதிரி யாரு என்னைய எடுத்துருக்கா? வைஷூ, பத்திரமாச் சுருட்டி வையி. எனக்கு நாளு வந்தா இதையே கட்டு. எழுத்தும் இதுவே இருக்கட்டும். மூலையில இருக்க ஆஸ்பத்திரி பேர மட்டும் வெட்டிட்டு, ஒம் பேரப் போட்டு மகள்னு எழுதிரு."

வைஷ்ணவியால் நிமிர முடியவில்லை. ஃபிளெக்ஸைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்தே இருந்தாள்.