பெயர் தேடும் பக்கம்

கேதீஸ்வரி ஆரையம்பதிக்காரி. சுனாமி வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கணினி நிலையத்தில் பிள்ளைகளுக்குத் தட்டச்சு பழக்கிக்கொண்டிருந்தாள். வீடு கடற்கரையிலிருந்து தள்ளி இருந்ததால் தப்பிவிட்டது. ஊரில் அத்தனை செத்தவீடுகள் நடக்கும்போது தான் மட்டும் சும்மா இருக்கிறோமே என்ற தவிப்பு அவளை அரித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நிவாரண நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. முகாம்களில் இருப்பவர்களைப் பதிய மென்பொருள் ஒன்று வேண்டும், பத்து நாளில் முடியுமா என்றார்கள். ஒன்பது நாளில் முடித்துக் கொடுத்தாள்.

தலைமை அலுவலகத்தார் வாசிக்க வேண்டும் என்பதால் எல்லாம் ஆங்கிலத்தில். முகாம்களில் தொண்டர்கள் காதால் கேட்டுப் படிவத்தில் எழுதிக் கொண்டுவந்த பெயர்களை அவள் நாவற்குடா அலுவலகத்தில் இருந்தபடி உள்ளிடுவாள். எந்த முகாமில் எத்தனை குடும்பம், எத்தனை குழந்தை, எத்தனை கர்ப்பிணிகள் என்று ஒரு பொத்தானை அழுத்தினால் வந்து நிற்கும். ஒரு முகாமுக்கும் அவள் போனதில்லை. போகவேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை, அவளை யாரும் கேட்கவுமில்லை.

ஜனவரிக் கடைசியில் கதிர்காமத்தம்பி வந்தார். ஐம்பது வயது மீனவர். கல்யாணம் கட்டாதவர். விதவையான தன் அக்கா இராசாத்தியோடு நாவலடியில் இருந்தவர். சுனாமி வந்த காலை அவர் வாவியில் தோணியில் இருந்ததால் பிழைத்தார். அக்காவின் உடல் கிடைக்கவில்லை. அதனாலேயே அவருக்கு நம்பிக்கை இருந்தது. முகாம் முகாமாக நடந்து பார்த்துவிட்டு, எல்லாப் பெயரும் கொம்பியூட்டரில் இருக்கிறதாம் என்று யாரோ சொல்ல, அங்கே வந்திருந்தார்.

“அக்காட பேர் இரிக்கா எண்டு மட்டும் பாத்துச் சொல்லு புள்ள” என்றார்.

கேதீஸ்வரி தட்டிப் பார்த்தாள். இல்லை. அடுத்த திங்கட்கிழமையும் வந்தார். அதற்கடுத்த திங்களும் வந்தார். ஒவ்வொரு முறையும் அவள் அதே எழுத்துகளைத் தட்டினாள், ஒவ்வொரு முறையும் இல்லை என்றது திரை.

பெப்ரவரியில் ஒரு தொண்டருக்குக் காய்ச்சல் வந்ததால், ஒரு நாள் அவளே ஒரு முகாமின் பதிவு மேசையில் போய் உட்கார நேர்ந்தது. காலையிலிருந்து மாலை வரை அவள் முன்னால் வந்து நின்றவர்களில் ஒருவர்கூட எத்தனை பேர் என்று கேட்கவில்லை. இவர் இருக்கிறாரா, அவள் இருக்கிறாளா என்றே கேட்டார்கள். பக்கத்தில் இருந்த தொண்டர் எழுதுவதையும் கவனித்தாள். அழகரத்தினம் என்ற பெயரை அவர் ஒரே நாளில் மூன்று விதமாக எழுதினார். அவள் செய்த மென்பொருளோ ஒரு எழுத்து மாறினாலும் ஆள் இல்லை என்று சொல்லிவிடும். அது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் தன் மேலதிகாரி ஜூலியனிடம் போனாள். பெயரை எழுத்தால் அல்ல, ஒலியால் தேடுகிற மாதிரி மாற்றவேண்டும், ஒரு கிழமை போதும் என்றாள். செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில் அதை முதலாவதாக எழுதிக்கொண்டும் போயிருந்தாள். ஜூலியன் கெட்டவரில்லை. அவருடைய தம்பியும் கடலில்தான் போனார். அவர் பட்டியலை வாங்கி, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் காட்டும் வண்ண வரைபடத்தை முதலாவதாக்கினார். பெயர் தேடுவது பதினான்காவதானது.

“வாறவங்க வரைபடத்தத்தான் பாப்பாங்க, கேதீஸ். அவங்க திருப்தியாப் போனாத்தான் முகாமுக்கு அரிசி வரும். நான் என்ன செய்ய?”

அவள் பட்டியலை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அரிசியும் வேண்டியதுதானே. வரைபடத்தில் முகாம்கள் வட்டங்களாகத் தெரியவேண்டும், ஆட்கள் கூடினால் வட்டம் பெரிதாகவேண்டும். அந்த வேலை அவளுக்குப் பிடித்தும் இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவளே வெட்கத்தோடு ஒப்புக்கொள்வாள். வரைபடம் முடிய, நிறுவனச் சின்னத்தின் நிறம் சரியில்லை என்றார்கள். பிறகு முகப்புப் பக்கத்தை மாற்றச் சொன்னார்கள். மார்ச் பிறந்துவிட்டது. திங்கட்கிழமைகளில் கதிர்காமத்தம்பி வந்துகொண்டே இருந்தார்.

கடைசியில் அவள் யாரிடமும் கேட்காமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலுவலகத்தில் தனியே இருந்து அதைச் செய்தாள். உயிரெழுத்துகளை நீக்கி, ஒன்றுபோல் ஒலிக்கும் எழுத்துகளை ஒன்றாக்கித் தேடும்படி மாற்றினாள். முதலில் தட்டிய பெயர் இராசாத்தி. திரையில் நான்கு பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் நாவலடி, ஐம்பத்தெட்டு வயது, விதவை, இடுப்பெலும்பு முறிவு, குருக்கள்மடம் முகாம். ஜனவரி நடுவில் பதிந்திருந்தது. அவள் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கித் தேடிய பெயரைத் தொண்டர் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கி எழுதியிருந்தார். உறவினர் என்ற இடத்தில் யாருமில்லை என்று இருந்தது. தம்பியும் போய்விட்டான் என்று அந்த மனிசி நினைத்திருந்தாள்.

மறுநாள் திங்கள். கதிர்காமத்தம்பியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவளே போனாள்.  முகாம் பொறுப்பாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். புண் புரையோடி, ஆஸ்பத்திரிக்கும் முகாமுக்குமாக அலைந்து, பதினொரு நாளுக்கு முன்னர் இராசாத்தி இறந்திருந்தாள். கதிர்காமத்தம்பி முன்பு அந்த முகாமுக்கு வந்த நாளில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள்.

அவர் ஏசவில்லை. “எங்க புதைச்சீங்க?” என்று மட்டும் பொறுப்பாளரிடம் கேட்டார்.

கேதீஸ்வரி அந்த வேலையை விடவில்லை. விட்டால் அடுத்து வருபவருக்கு இது தெரியாமல் போகும் என்று இருந்தாள். இரண்டாயிரத்து ஒன்பதில் போர் முடிந்து, வன்னியிலிருந்து வந்த சனங்களை முகாம்களில் வைத்திருந்தபோது, வேறொரு நிறுவனம் அவளை வவுனியாவுக்கு அழைத்தது. இந்த முறை அவளுக்கு எது முதல் வேலை என்பதில் மயக்கமே இல்லை. பெயர் தேடும் பக்கத்தைத்தான் முதலில் செய்துகொண்டு போனாள். தமிழிலும் தேடலாம், ஒலியாலும் தேடலாம். கூட்டத்தில் அதைப் பார்த்த அதிகாரிகள் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் பெயர்களை வெளியாட்களுக்குக் காட்ட அனுமதி இல்லை, எண்ணிக்கை மட்டும் போதும், அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்றார்கள். வாதாடினாள். கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. அவள் கையாலேயே அதை எடுக்கவேண்டி வந்தது. பெயர்கள் வேறு இடத்துக்குப் போயின. அவளுடைய திரைக்கு எண்ணிக்கை மட்டும் வந்தது.

ஆனி மாதத்தில் மட்டக்களப்பிலிருந்து ஜோசப்பின் என்ற தாய் ஒருத்தி, கேதீஸ்வரியை ஊர்ப்பேர் சொல்லி விசாரித்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு வந்தாள். அவளுடைய மகன் வன்னியில் அகப்பட்டவன், பத்தொன்பது வயது. படத்தை மேசையில் வைத்தாள்.

“உள்ளுக்கு இரிக்கானா இல்லையா எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் மகள்.”

கேதீஸ்வரி திரையைப் பார்த்தாள். பத்தொன்பது வயது ஆண்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று அது சொன்னது. அவர்களில் ஒருவன் இவனா என்று சொல்ல அதற்கு வழியில்லை.

“என்னால பாக்க ஏலாது அம்மா” என்றாள்.

ஜோசப்பின் நம்பவில்லை. உயரமாக இருப்பான், நெற்றியில் தழும்பு இருக்கும் என்று அடையாளங்களைச் சொல்லத் தொடங்கினாள். கேதீஸ்வரி அவள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எழுதி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அம்மா சொல்லி முடிக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தாள்.