ஏழு டின் மசாலா

அக்காவின் சினைப்பையில் இருந்த கட்டி புற்று என்றார் வெள்ளைக்கார டாக்டர். அறுவையைவிட அதற்குப் பிந்திய ஏழு நாள்தான் ஆபத்து, காய்ச்சலோ இரத்தக்கட்டோ உயிரைக் கொண்டுபோய்விடலாம் என்றும் சொன்னார். நானாக இருந்தால் பாயில் சுருண்டு அழுதிருப்பேன். அவளோ, சூலியா தெருவில் மச்சான் நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு, நாளுக்கு ஒன்றாக ஏழு டின் மசாலா இடித்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

காய்ச்சலில் கிடந்து, எட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும், “மசாலா பத்துச்சா?” என்று மச்சானைக் கேட்டாள். ஏழு டின்னும் அப்படியே இருப்பதாகச் சொன்னார் அவர். பயத்தில் அவர் கடையையே திறக்கவில்லை. எங்கள் தெருவில் சாவு விழுந்தால்தான் கடையைச் சாத்துவார்கள்.

தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு அக்கா சீறினாள்: “நான் உசுரோடதானே கெடந்தேன்? போய்க் கடையத் தொறங்க!”