ஸ்ட்ரெச் ரவிக்கையும் நானும்

ரவிக்கை தைக்கிறவளுக்குத் துணியால வர்ற தொல்லையைவிட, அதைக் கொண்டு வர்றவங்களால வர்ற தொல்லைதான் அதிகம். மெஷின் மிதிக்கிற அக்கா தங்கச்சிங்களே, உங்களுக்குத் தெரியாததா?

இப்போ மலேசியாவுல, மந்தின் ஊர்ல என் கடைக்கு வர்ற எல்லார் வாயிலயும் ஒரே வார்த்தை, 'ஸ்ட்ரெச்'. இழுத்தா வரணும், விட்டா பழையபடி சுருங்கணும், அதுதான் ஸ்ட்ரெச். நம்ம ஆளுங்க முதல் பாதியை மட்டும்தான் காதுல வாங்குறாங்க!

பாசார் மாலாம் துணி

ஒரு அக்கா பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, வாங்கின துணியோட வந்தாங்க. இழுத்தேன், வந்துச்சு. விட்டேன், அப்படியே தொங்குச்சு. "அக்கா, இது ஸ்ட்ரெச் இல்ல, வெறும் தொளதொள. இழுத்தது உள்ள போகல"ன்னேன். அவங்க அசரவே இல்ல.

"என் வயிறும்தான் உள்ள போகல. ரெண்டும் ஜோடியா இருக்கட்டும், தை லா!"

லைனிங் இல்லாத கல்யாணமா?

பக்கத்து ஊரு கோலா சாவா சரோஜாக்கா மக கவிதாவுக்குக் கல்யாண ரவிக்கை. துணி நாலு பக்கமும் இழுபட்டுச்சு, எனக்கே ஆசையா இருந்துச்சு! ஆனா அக்கா உள்ளுக்குக் காட்டன் லைனிங் கேட்டாங்க. நம்ம பக்கம் லைனிங் இல்லாத ரவிக்கைக்கு மரியாதையே கிடையாதே. "காட்டன் இழுபடாதுக்கா. அதோட சேத்துத் தைச்சா இதுவும் இழுபடாது, புள்ளையால கையைத் தூக்க முடியாது"ன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்.

"ஸ்ட்ரெச்சுதானே, உள்ள எதை வச்சாலும் தாங்கும். நீ தை!"

மாப்பிள்ளை ஆறடி

கல்யாணத்துக்கு முதல் நாள் கவிதா போட்டுப் பாத்தா. மகாலட்சுமி மாதிரி இருந்தா! கையைத் தூக்குடின்னேன். தோளோட நின்னுடுச்சு. பாவம், புள்ளைக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"அக்கா, அவரு ஆறடி. நான் எப்படி மாலை போடுவேன்?"

தூக்குனானுங்க பாருங்க!

ரெண்டு அக்குள்லயும் வெட்டிட்டு, லைனிங் இல்லாம வெறும் ஸ்ட்ரெச் துணியைச் சதுரமா வச்சுத் தைச்சேன். சாமியைக் கும்பிட்டுக்கிட்டே மண்டபத்துக்குப் போனேன். மாலை மாத்துற நேரம் பாத்து, மாப்பிள்ளையோட கூட்டாளிங்க அவரை அலாக்கா மேல தூக்கிட்டானுங்க! ஐயோ, என் தையல் போச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

மண்டபமே கத்துச்சு. பாத்தா, கவிதா எம்பிக் குதிச்சு, ரெண்டு கையையும் உசர நீட்டி மாலையைப் போட்டுட்டா! ஒரு நூல் பிரியல. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. சரோஜாக்கா பெருமை தாங்காம பக்கத்துல இருந்த சம்பந்திகிட்டத் திரும்பினாங்க.

"பாத்தீங்களா சம்பந்தி, துணி நான் பாத்துப் பாத்து எடுத்தது!"

கிழிஞ்சா தைச்சவ, கிழியலைன்னா துணி எடுத்தவ, இதுதாங்க எங்க தொழில்.