மூன்று மாதம் என்று அவர் சொன்னார்

நான் ஜப்பானிய மொழி படிக்கப் போனதற்கே ஜப்பான்காரர்களின் ஐஸ் ஸ்கேட்டிங் வீடியோக்கள்தான் காரணம். அதனால், அந்த நாட்டில் தேசியப் போட்டிகள்வரை ஆடிய ஒருவர் டெல்லிக்குப் பக்கத்து மால் ஒன்றில் கோச்சாக வந்திருக்கிறார், மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், மறுநாளே முனிர்காவிலிருந்து பஸ் பிடித்துப் போய் நின்றேன். எந்தப் போட்டியில் எந்தத் தாவலில் விழுந்தார் என்று அவரிடமே ஒப்பித்தேன். “விழாத நாட்களும் உண்டு,” என்றார், லேஸை இறுக்கியபடியே.

இடுப்பு எலும்பு போனதால் இருபத்தோரு வயதிலேயே அவர் போட்டியை விட்டவர். ஐஸில் அது தெரியாது. மால் படிக்கட்டில் தெரியும். பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவார்.

அவரிடம் ஸ்கேட்டிங் கற்றவர்களில் ஒருத்தி ஆர்.கே.புரத்துத் தமிழ்ப் பெண். பன்னிரண்டு வயது. காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கும் தாவல் அவளுக்கு அநேகமாக வந்துவிட்டிருந்தது. செலக்‌ஷனுக்கு ஒரு மாதம். ஒருநாள் கோச் அவளுடைய முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

கோச் அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “எலும்பில் விரிசல் இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதம் தாவவே கூடாது. இந்த வயதில் என்னை யாரும் நிறுத்தவில்லை.”

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் அம்மா. ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தார், அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது.

“கால்ல கொஞ்சம் ஸ்ட்ரெய்னாம் ஆன்ட்டி. ஜம்ப்பைக் கொறச்சுக்கணுமாம்.”

“செலக்‌ஷனுக்குப் போலாமில்ல?”

நான் கோச்சிடம் கேட்கவே இல்லை. “போலாம், பாத்து,” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வாடக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. அந்தத் தாவலை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, கோச் வராத நாள். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சுற்று முழுதாக வந்தது. இறங்கிய கால் நிற்கவில்லை. அவள் கத்தவில்லை, அப்படியே ஐஸில் உட்கார்ந்திருந்தாள். விரிசல் விட்டிருந்த எலும்பு முழுக்க முறிந்துவிட்டது. நடக்கலாம், இனி தாவ வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர்.

அடுத்த வாரம் அம்மா மட்டும் வந்தார். “போலாம்னு இவங்கதானே சொன்னாங்க? கேளும்மா அவங்கள.”

கேட்டேன். இந்த முறை ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

கோச் என்னைப் பார்த்தார். “அன்றைக்கு நீ என்ன சொன்னாய்?”

சொன்னேன். அவர் திட்டவில்லை. அம்மாவின் முன்னால் இடுப்புவரை குனிந்து அப்படியே நின்றார். அந்த இடுப்புக்கு அது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும்.

“இவங்க எதுக்குக் குனியறாங்க?”

“நான்தான் ஆன்ட்டி மாத்திச் சொல்லிட்டேன்.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “படிச்ச பொண்ணுதானே நீ,” என்றார். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. கோச் என்னைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் போயிருந்தேன். உள்ளே போகாமல் தடுப்புக்கு வெளியே நின்றேன். ஒரு சின்னப் பையனின் கணுக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கோச் ஒவ்வொரு சொல்லாக இந்தியில் சொன்னார்: “கூத்னா நஹீ.” தாவாதே என்று. செக்யூரிட்டிக்காரரிடம் கற்றிருக்க வேண்டும். பிறகு மூன்று விரல்களைக் காட்டினார்.

“தீன் தின்?” என்றான் பையன் சந்தோஷமாக.

மூன்று நாள் இல்லை, மூன்று மாதம் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அவன் கையைப் பிடித்து கவுன்ட்டருக்குக் கூட்டிப்போய், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் மூன்று தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக் காட்டினார்.

பையன் அழ ஆரம்பித்தான். அவர் தாளைக் கீழே விடவில்லை.