ஏசி யூனிட்டின் மேல் காய்ந்த மோர்மிளகாய்

டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கிறோம். கோடையில் ஏசி நின்றால் வீடு அடுப்புதான். அது தெரிந்தும் நான் செய்த முட்டாள்தனத்தை எழுதுகிறேன்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், குளிர்கிறது என்று ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை அடிக்கடி மாற்றுவார். ஒருநாள் எரிச்சலில், "அத்தை, இனிமே அதுல கை வைக்காதீங்க, ரிப்பேர் ஆயிடும்" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் காலை, பேக்யார்டில் இருக்கும் ஏசி யூனிட்டின் மேல் மோர்மிளகாய்த் தட்டுகளை வைத்தேன். அதிலிருந்து மேல்நோக்கி வரும் அனல்காற்றில் சீக்கிரம் காயுமே என்ற கெட்டிக்காரத்தனம். தட்டுகள் பறக்காமலிருக்க ஒரு பழைய பெட்ஷீட்டால் மூடி இறுக்கிக் கட்டிவிட்டு, நானும் கணவரும் ஆபீஸ் போய்விட்டோம்.

மாலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. அத்தை பாத்ரூம் தரையில் ஈரத் துண்டோடு சுருண்டு கிடந்தார். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே அத்தை!" என்று அலறினேன்.

"நாந்தான் எதையோ அழுத்திக் கெடுத்துட்டேன்னு திட்டுவியோன்னு பயந்துட்டேம்மா" என்றார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்தது அதிர்ஷ்டம். பழுது பார்க்க வந்தவர் பெட்ஷீட்டைப் பிரித்துக் காட்டினார். காற்று வெளியேற வழியில்லாமல் யூனிட் சூடேறி நின்றுபோயிருக்கிறது.

இப்போது யூனிட்டைச் சுற்றி ஒரு பூந்தொட்டிகூட வைப்பதில்லை. தெர்மோஸ்டாட்டை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஒவ்வொரு வருஷமும் அத்தையைக் கூப்பிடுகிறேன்.

"அந்த ஊர் வெயில் எனக்கு ஒத்துக்காதும்மா" என்கிறார்.

அவருக்கு ஒத்துக்கொள்ளாதது வெயில் இல்லை என்று எனக்குத் தெரியும்.