சாராம்மாவின் வியாழக்கிழமை

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொழிற்சாலை அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாக வாசல் கேட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். யாராவது என்னைத் தேடி வந்தாலே எனக்குப் பயம். ஊரிலிருந்து தந்தியா, அம்மாவுக்கு ஏதாவதா, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறாரா என்று படி இறங்குவதற்குள் எல்லாக் கெட்டதையும் நினைத்து முடித்துவிட்டேன். நினைக்காதது ஒன்றுதான். சாராம்மா வேலை பார்த்த நர்ஸிங் ஹோமின் வாட்ச்மேன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நம்ம சாராம்மா போயிட்டாங்கம்மா. காலையில வார்டுல ஒரு பேஷண்டுக்குத் தண்ணி குடுத்துக்கினு இருந்தாங்க. அப்படியே உக்காந்தாங்க, அவ்வளவுதான்" என்றார்.

சபையாராகிய உங்களைப் போலவே நானும் அழுதேன். ஆனால் அழுகைக்கு முன்னால் வந்தது பயம். புதன்கிழமை அடக்கம் என்றார்கள். மறுநாள் வியாழக்கிழமை. அல்சூரில் சாராம்மா வாராவாரம் பார்க்கப் போகும் ஏகாம்பரம் ஐயா காலைக் கழுவிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பாரே, அவருக்கு யார் சொல்வது? அதைவிட, அவர் காலை இனி யார் தொடுவது?

சாராம்மாவை நம் கோயிலின் கடைசி பெஞ்சில் மட்டும் பார்த்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வெள்ளைக்கார துரை வீட்டில் ஆயாவாக இருந்தவர். சுதந்திரம் வந்த வருஷம் அந்தக் குடும்பம் கப்பலேறிவிட்டது. சாராம்மாவின் புருஷனும் முன்பே தவறிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. வளர்த்த குழந்தைகளைக் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய அன்று, குழந்தைகளுக்கு நகம் வெட்டிய சின்னக் கத்தரி ஒன்றுதான் அவர் கையில் மிச்சம். "ஒரு மாசம் செவுத்தோட பேசிக்கினு இருந்தேன், பாபா" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். துரை வீட்டுக் குழந்தைகளை அழைத்துப் பழகிய வாய், கழுதை வயதான என்னையும் 'பாபா' என்றே அழைத்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு கிழவி, குனிய முடியவில்லை, கால் நகத்தை வெட்டிவிடு என்று கேட்டிருக்கிறார். அங்கே தொடங்கியதுதான். பிறகு நர்ஸிங் ஹோமில் காலை வேலை கிடைத்தது. மத்தியானங்களில் கத்தரியைத் துண்டில் சுற்றிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். பென்ஷன் வாங்கும் சிப்பாய்கள், பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சீமாட்டிகள், லாட்ஜ் அறையில் காய்ச்சலோடு கிடந்த மில் தொழிலாளிகள் என்று எல்லோர் வீட்டிலும் ஒரே காரியம். வெந்நீரில் கையையும் காலையும் ஊறவைப்பார், துடைப்பார், மடியில் வைத்து வெட்டுவார். அவர்கள் பேசுவார்கள். இவர் கேட்பார்.

எனக்கும் அப்படித்தான் அறிமுகம். வேலூரிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டேன். யாரோ சொல்லி வந்தவர், "கையைக் குடு, பாபா" என்றார். பத்து விரலும் முடிவதற்குள் நான் என் பயங்கள் அத்தனையையும் கொட்டிவிட்டேன். நடுவில் ஒரு வேத வசனம்கூட அவர் சொல்லவில்லை. கிளம்பும்போது, "ஜெபம் பண்ணட்டுமா?" என்று கேட்டார். பிறவிக் கிறிஸ்தவளான என்னிடம்கூட அனுமதி கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பின்னால் ஒருநாள் காரணம் கேட்டேன். "அவங்க வாய் தொறக்கிற வரைக்கும் நாம காத்திருக்கணும். நாம மொதல்ல தொறந்தா அவங்க மூடிக்குவாங்க" என்றார்.

இனி ஏகாம்பரம் ஐயாவுக்கு வருகிறேன். மராமத்து இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன் டில்லியில். பார்வை மங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் சர்க்கரை வியாதி. காலில் கீறல் விழுந்தாலும் ஆறாது, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபின் வழக்கமான நாவிதர்கூட வரவில்லை. நகம் வளர்ந்து சதையில் குத்த ஆரம்பித்த நேரத்தில்தான் சாராம்மா போனார். செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டில் நகம் வெட்டக்கூடாது, விளக்கு வைத்த பிறகும் கூடாது. அதனால் வியாழன் மத்தியானம் என்று வைத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "நாள் கிழமை பார்ப்பதற்கு நாமே இடம் கொடுக்கலாமா?" என்று நம் போதகர் ஐயரவர்கள் கவலையோடு கேட்டார். "அது அவரு வூடுங்க ஐயரே, நான் போற விருந்தாளி" என்றார் சாராம்மா. ஐயர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஆனால் நம் கோயில் மாதர் சங்கம் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நல்லெண்ணத்தோடுதான், பாட்டுப் புத்தகமும் கையுமாக ஐயா வீட்டுக்குப் போய்விட்டோம். நானும் பின்னால் நின்றேன். அவர் பூஜைக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த நேரம். மரியாதையாக எல்லோரையும் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, இரண்டு பாட்டையும் ஒரு பிரசங்கத்தையும் கேட்டுக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

நான் பதறிப்போனேன். பெருவிரல் நகம் ஏற்கெனவே உள்நோக்கி வளைந்திருந்தது எனக்குத் தெரியும். சாராம்மா யாரையும் குறை சொல்லவில்லை. வியாழக்கிழமைதோறும் போய் அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா, "யாரு பேக்கு?" என்று, யார் வேண்டும் எனக் கேட்டு, பிறகு இரக்கப்பட்டு மோர் கொடுத்தாராம். கடைசியில் ஒருநாள் கதவு லேசாகத் திறந்தது.

"நகம் மட்டும்தானே? ஜெபம் கிபம் கெடையாதே?"

"நீங்க கேட்டாத்தான் ஐயா."

அவர் கேட்கப் பல மாதங்கள் ஆயின. அன்று நானும் கூட இருந்தேன், வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு. "ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என் காலைப் புடிச்சு உனக்கு என்ன ஆவப்போவுது?" என்றார் ஐயா. சாராம்மா வேலையை நிறுத்தாமல், எங்கள் ஆண்டவர் சாவதற்கு முந்தின நாள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவிய கதையைச் சொன்னார்.

ஐயா திடுக்கிட்டுவிட்டார். "குருவா சீடன் காலைக் கழுவினாரு? நம்ம பக்கம் சீடன்தானே குருவுக்குப் பாதபூஜை பண்ணுவான்?"

"எங்க ஆண்டவரு அதைத் திருப்பிப் போட்டுட்டாருங்க ஐயா. எனக்குக் கழுவறதோட நகம் வெட்டவும் தெரியும், அதான் வர்றேன்."

ஐயா சாராம்மாவின் கைப் பக்கம் குனிந்தார். பிறகு, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். அதன்பின் வாரம் ஒரு கதை. ஒவ்வொரு முறையும் முடிவில், அவராகவே கேட்க, முணுமுணுப்பாக ஒரு ஜெபம். அவர் ஞானஸ்நானம் பெறவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "உங்களுக்குக் கவலையாக இல்லையா?" என்று நான் துளைத்தேன். "இல்லாம இருக்குமா? அது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. என் கையில இருக்கறது கால்தான்" என்றார்.

அந்தக் கையும் ஒருநாள் தவறியது. கத்தரியின் முனை பட்டு சுண்டுவிரலில் ஒரு துளி ரத்தம். மருந்து வைத்துக் கட்டினோம். ஆனால் அடுத்து வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் திகிலாக இருக்கிறது. சாராம்மா தினமும் வேலை முடிந்ததும் அல்சூருக்கு ஓடி, கட்டை அவிழ்த்து, வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பார். சோறு இறங்கவில்லை. ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, நடுத்தெருவில் என் தோளில் சாய்ந்து அழுதார். "நீங்கள் பயப்படவே மாட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றேன். "யாரு சொன்னா? ஒவ்வொரு வாட்டியும் பயத்தோடதான் புடிக்கிறேன். பயம் இருந்தாத்தான், பாபா, கத்திரி மெதுவா போவும்" என்றார்.

எதற்கெடுத்தாலும் நடுங்குகிற எனக்கு அந்த வார்த்தை போதவில்லை. அடக்கத்தன்று அவர் குடியிருந்த வீட்டுக்காரர்கள் அந்தக் கத்தரியை என்னிடம் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். என் கைக்கு டைப் மெஷின்தான் தெரியும். என்னால் ஒரு மனிதரின் கால் போய்விட்டால்? நர்ஸ் யாரையாவது ஏற்பாடு செய்யலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வியாழன் மத்தியானம் விடுப்பு எடுத்துக்கொண்டு, செய்தியை மட்டும் சொல்லிவிட்டு வரலாம் என்று அல்சூருக்குப் போனேன்.

கதவு திறந்திருந்தது. ஐயா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "வாம்மா, இன்னைக்கு லேட்டு" என்றார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.  அவர் மங்கிய கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.  பிறகு, கழுவி வைத்திருந்த வலது காலை மெதுவாக என் பக்கம் நீட்டினார்.

என்னால் எழுந்து போக முடியவில்லை. கீழே உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டேன்.

"கை நடுங்குதே" என்றார்.

"ஆமாங்க ஐயா. பயமா இருக்கு."

"அந்தம்மாவுக்கும் நடுங்கும். நீ பாத்திருக்க மாட்டே, என் காலுக்குத் தெரியும்."

ஒரு விரலுக்கு எவ்வளவு நேரம் எடுத்தேனோ தெரியாது. ரத்தம் வரவில்லை. முடிந்ததும் அவர் காலை எடுக்காமல் காத்திருந்தார். அந்த ஜெபத்துக்காக என்று புரிந்தது. சாராம்மா முணுமுணுத்தது என் காதில் ஒருநாளும் சரியாக விழுந்ததில்லை. தெரியாது என்று சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் ஐயா. "ஆண்டவரே, இது உம்முடைய கால். இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும். தனியா நடக்காம பாத்துக்கும். அதைத்தான் அந்தம்மா வாரா வாரம் சொல்லும்."

சாராம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான்: ஒரு சின்னக் கத்தரி, வியாழக்கிழமை மத்தியானம், பயத்தோடு போகலாம் என்ற அனுமதி. வருகிற வியாழனும் பயந்துகொண்டுதான் அல்சூருக்குப் போவேன். ஆனால் அன்று நான் எழுந்திருக்கப் போனபோது ஐயா, "இரும்மா, இன்னும் முடியலே" என்று என்னை நிறுத்தினார். முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கி, கையைக் கூப்பிக்கொண்டார்.

"ஆண்டவரே, அந்தம்மா கால் ரொம்ப நடந்துடுச்சு. தனியா நடக்காம பாத்துக்கும்."

நான் ஆமென் சொன்னேன்.